ஓப்பன் சோர்ஸா... ஓசி சோர்ஸா?



போன செமஸ்டர்ல எங்க லேப்ல நடந்த ஒரு கூத்தோட ஆரம்பிக்கிறேன். மினி ப்ராஜெக்ட் சப்மிஷனுக்கு ரெண்டே நாள்தான் பாக்கி. சீனியர் ஒருத்தரோட பழைய ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் தூசி தட்டி எடுத்து, இன்ஸ்டால் கமாண்ட் கொடுத்துட்டு, எல்லாரும் ஸ்க்ரீனையே முறைச்சுப் பார்த்துட்டு நின்னோம். கறுப்பு ஸ்க்ரீன்ல கடகடன்னு எழுத்து ஓடுது. நடுவுல ஒரு வரி மட்டும் தனியா நின்னுச்சு. 'இந்த லைப்ரரியை எழுதினவர் நல்ல வேலை தேடிக்கிட்டு இருக்கார்'னு இங்கிலீஷ்ல!

"டேய் மச்சி, நாமதான் ப்ளேஸ்மென்ட்டுக்கு நாயா அலையறோம்னு பார்த்தா, நமக்கு கோட் எழுதிக் கொடுத்த ஆளுக்கே வேலை இல்லையாம்டா!"

ரூம்மேட் இதைச் சொன்னதும் லேபே சிரிச்சுது. சத்தியமா நானும் சிரிச்சேன். ப்ராஜெக்ட் ஓடுச்சு, மார்க்கும் வந்துச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல படுத்தப்போ அந்த வரி திரும்பத் திரும்ப வந்து இம்சை பண்ணுச்சு. காரணம் இருக்கு. அதே மாதிரி ஒரு வரியை எழுதிட்டு, வெளியில விட வெட்கப்பட்டு, என் லேப்டாப்லயே ரெண்டு மாசமா ஒளிச்சு வெச்சிருந்தேன்!

முதல்ல அந்த ஆள் யாருன்னு பார்த்துடலாம். பேரு டெனிஸ் புஷ்கரேவ், ரஷ்யாக்காரர். அவர் எழுதின லைப்ரரி 'கோர்-ஜேஎஸ்'. புது ஜாவாஸ்க்ரிப்ட்ல எழுதினதைப் பழைய பிரவுசர்லயும் ஓட வைக்கிற வேலையைச் சத்தமில்லாம செய்யும். 2023 பிப்ரவரியில அவர் ஒரு நீ....ளமான கடிதம் எழுதினார். உலகத்தோட பெரிய வெப்சைட்டுகள்ல பாதிக்கு மேல தன்னோட கோட் ஓடுதுன்னு அதுல கணக்குக் காட்டியிருந்தார். கையில வர்ற நன்கொடை? மாசம் சுமார் 400 டாலர். அந்த ஒரு வரி ஸ்க்ரீன்ல வருதுங்கிறதுக்காக அவரைத் திட்டித் தீர்த்தவங்கதான் ஏராளம். காசு கொடுக்காம யூஸ் பண்றதுல யாருக்கும் கூச்சம் இல்லை, அவர் கேட்டதுதான் எல்லாருக்கும் எரிச்சல். நம்ம லேப்ல நடந்ததும் அதேதானே பாஸ்?

என் சொந்தக் கதைக்கு வர்றேன்

செகண்ட் இயர்ல ஹாஸ்டல் ஜூனியர் ஒருத்தன் பைத்தான் லேப் மேனுவலைத் தூக்கிட்டு ரூமுக்கு வந்தான். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். "அண்ணே, இந்த ஃபார் லூப்பு என்னதான் பண்ணுது? கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்களேன்"னு கேட்டான். கல்யாணப் பந்தியில இலை இலையாப் போய் சாம்பார் ஊத்துற ஆளை வெச்சுச் சொன்னேன். "ஒவ்வொரு இலைக்கும் ஒரே வேலை, கடைசி இலை வந்ததும் நிப்பாட்டணும், அவ்வளவுதான்"னதும் அவன் முகத்துல பல்ப் எரிஞ்சுது.

அந்த பல்புக்கு ஆசைப்பட்டுத் தமிழ்லயே பாடம் எழுத ஆரம்பிச்சேன். 14 பாடம் ஆச்சு. கூடவே, பசங்க எழுதின ப்ரோக்ராமை ஓட்டிப் பார்த்து, தப்பு எங்கேன்னு தமிழ்ல சொல்ற ஒரு குட்டி சாஃப்ட்வேரும் செஞ்சேன். பாடம், கோட் எல்லாத்தையும் யார் வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம்னு திறந்து விட்டுட்டேன். நான் லினக்ஸ் பழகினதே அப்படித்தான். 2012-ல இருந்து வர்ற 'கணியம்' மின்னிதழ், அவங்க விலையில்லாம வெளியிட்ட 'எளிய தமிழில்' புத்தகங்கள் எல்லாம் இல்லைன்னா, நான் இன்னிக்கும் டெர்மினலைப் பார்த்து பயந்துட்டு இருந்திருப்பேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. திடீர்னு லேப்டாப் பேட்டரி உப்பிடுச்சு. புதுசு 4,200 ரூபாய். அதைவிடப் பெரிய பிரச்னை சனி, ஞாயிறு. முகூர்த்த நாள்ல கேட்டரிங் வேலைக்குப் போனா 600 ரூபாய் கிடைக்கும். போனா பாடம் நின்னு போகும். போகலைன்னா மெஸ் பில் எகிறும். 15-வது பாடம் அப்படியே பாதியில நின்னுச்சு. ஜூனியர் பசங்க "அண்ணே, அடுத்தது எப்போ?"னு கேட்கும்போதெல்லாம் "செம் முடியட்டும்டா"னு சமாளிப்பேன். அப்பதான் 'இந்தப் பாடம் தொடர உதவுங்கள்'னு அந்த வரியை எழுதினேன். எழுதிட்டு ரெண்டு மாசம் ஒளிச்சும் வெச்சேன். காசு கேட்டா பிச்சைன்னு நினைப்பாங்களோ? 'ஓப்பன் சோர்ஸ்னு சொல்லிட்டு வசூல் பண்றான் பாரு'ன்னு சொல்லிடுவாங்களோ?

ரசீது புக் ரூல்ஸ்

ஒருநாள் போன்ல அப்பாகிட்ட இதைச் சொன்னேன். அப்பா கோவில்பட்டிப் பக்கம் டெய்லர். எங்க தெரு அம்மன் கோயில் பொங்கல் கமிட்டிக்கு அவர்தான் பொருளாளர். ஓப்பன் சோர்ஸ்னா என்னன்னு கால் மணி நேரம் விளக்கினேன். கேட்டுட்டு அவர் சொன்னது இது.

"ஏலே, வருஷா வருஷம் நான் ரசீது புக்கைத் தூக்கிட்டு வீடு வீடாப் போறேன்லா... என்னைய எவனாவது பிச்சைக்காரன்னு சொல்லியிருக்கானா? என்னத்துக்குன்னு சொல்லிக் கேக்கேன். வாங்குனதுக்கு ரசீது குடுக்கேன். பொங்கல் முடிஞ்சதும் வரவு செலவைக் கோயில் சுவத்துல ஒட்டுதேன். அவ்வளவுதான் விஷயம். அப்புறம் ஒண்ணு, வரி குடுக்காத வீட்டுக்கும் பொங்கச்சோறு உண்டு. அதை மட்டும் மறந்துராத."

நம்பினா நம்புங்க, ஓப்பன் சோர்ஸுக்குப் பணம் திரட்டுறதைப் பத்தி நான் படிச்ச அத்தனை விஷயமும் இந்த நாலு வரிக்குள்ள அடங்கிடுச்சு!

முதல் ரூல்: என்னத்துக்குன்னு சொல்லு

அனிமேஷன் பண்ற பசங்களுக்கு 'ப்ளெண்டர்' தெரியாம இருக்காது. 2002-ல அதை உருவாக்கின கம்பெனி படுத்துடுச்சு. அதை உருவாக்கின நெதர்லாந்துக்காரர் டான் ரூசெண்டால், முதலீட்டாளர்கள்கிட்ட பேசினார். '1 லட்சம் யூரோ கொடுத்தா சோர்ஸ் கோடைத் திறந்து விட்டுடலாம்'னு ஒப்பந்தம். அவர் அப்படியே மக்கள்கிட்ட வந்து, இவ்வளவு தொகை, இதுக்காகன்னு கேட்டார். ஏழே வாரத்துல பணம் சேர்ந்துடுச்சு. 2002 அக்டோபர் 13-ம் தேதி ப்ளெண்டர் எல்லாருக்கும் சொந்தமாச்சு. 2025-ல சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கின லாட்வியா நாட்டு 'ஃப்ளோ' படம் அந்த ப்ளெண்டர்லதான் செஞ்சது. அன்னிக்கு பத்து, இருபதுன்னு கொடுத்தவங்க பேரெல்லாம் அந்த மேடையில வாசிக்கலை. ஆனா, நம்ம ஊர்க் கோயில் ட்யூப்லைட்ல 'உபயம்'னு எழுதியிருப்பாங்களே, அப்படி அந்த ஆஸ்கர்லயும் கண்ணுக்குத் தெரியாம ஒரு உபயம் இருக்கு!

ரெண்டாவது ரூல்: நாலு பேருக்குத் தெரியற மாதிரி கேளு

ரசீது புக் எதுக்கு? 'இந்த ஆள் இந்த வேலையைச் செய்யறார்'னு ஊருக்குத் தெரியறதுக்கு. தெரியாமப் போனா என்ன ஆகும்? ஜெர்மனியில வெர்னர் காக்னு ஒருத்தர். மெயிலை யாரும் ஒட்டுக் கேட்காத மாதிரி பூட்டுப் போடுற 'க்னூபிஜி' சாஃப்ட்வேரை 1997-ல ஆரம்பிச்சு, பல வருஷம் கிட்டத்தட்ட தனி ஆளாவே பார்த்துக்கிட்டார். உலகம் பூரா பத்திரிகையாளர்கள் அதை நம்பித்தான் ரகசியம் பேசினாங்க. எட்வர்டு ஸ்னோடன் உட்பட! ஆனா, 2001-ல இருந்து அவருக்குக் கிடைச்சது சராசரியா வருஷத்துக்கு 25,000 டாலர். அந்த ஊர்ல ஒரு ப்ரோக்ராமருக்கு அது ரொம்பக் கம்மி. 2013-ல 'போதும்டா சாமி'ன்னு நிறுத்தப் பார்த்தார். ஸ்னோடன் விவகாரம் வெடிச்சதும், இப்ப விட்டா தப்புன்னு மறுபடியும் உட்கார்ந்துட்டார்.

2015 பிப்ரவரியில 'ப்ரோபப்ளிகா' செய்தி நிறுவனம் அவரோட நிலைமையைக் கட்டுரையா எழுதுச்சு. அவ்வளவுதான்! ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆளுக்கு வருஷம் 50,000 டாலர் தர்றோம்னு வந்தாங்க. லினக்ஸ் ஃபவுண்டேஷன் பக்கம் இருந்து 60,000 டாலர். சாதாரண ஜனங்க அனுப்பினது தனி. அதுவரைக்கும் கொடுக்க மனசில்லாதவங்களா இவங்க? இல்லை. இவருக்குப் பணம் தேவைன்னே யாருக்கும் தெரியலை.

இதுல இன்னொரு பாடமும் இருக்கு. கேட்கிற நேரமும் முக்கியம். கோர்-ஜேஎஸ் விஷயத்துல நடந்தது அதுதான். அவர் கேட்டதுல தப்பே இல்லை. ஆனா இன்ஸ்டால் ஆகும்போது குறுக்க வந்து கேட்கிறது, பந்தியில சாப்பிட்டுட்டு இருக்கிறவன்கிட்ட மொய் நோட்டை நீட்டுற மாதிரி ஆயிடுச்சு. சாப்பிட்டு, கை கழுவி, வாசலுக்கு வர்றப்போ கேட்டா எவ்வளவு பேர் எழுதுவாங்க!

மூணாவது ரூல்: கணக்கை சுவத்துல ஒட்டு

அப்பா ஒட்டுற கணக்குல ஒரு விஷயத்தைச் சின்ன வயசுல இருந்தே பார்த்திருக்கேன். முதல் செலவு எப்பவும் மேளக்காரருக்கு. அடுத்தது பூசாரிக்கு. பூ, பந்தல், மைக் செட் எல்லாம் அதுக்கப்புறம்தான். உழைக்கிற ஆளுக்குக் கொடுக்கிறதை யாரும் மறைக்கிறதில்லை. ஆனா நான் ஒளிச்சு வெச்ச அந்த வரிக்குக் கீழே என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? 'பேட்டரி 4,200 ரூபாய்' மட்டும்தான். என்னோட சனி, ஞாயிறுக்கு ஒரு விலை போட எனக்கே கூச்சம். பொருளுக்குக் கேட்டா கௌரவம், உழைப்புக்குக் கேட்டா கேவலம்னு யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?

இந்தக் கூச்சத்துக்கு உலகமே ஒருதடவை விலை கொடுத்திருக்கு. 2014 ஏப்ரல்ல 'ஹார்ட்ப்ளீட்'னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. பேங்க் சைட், ஷாப்பிங் சைட்னு பாதுகாப்புக்கு எல்லாரும் நம்பியிருந்த 'ஓப்பன்எஸ்எஸ்எல்'ல! அப்பதான் பார்த்தா, அதுக்கு முழுநேர ஆள்னு இருந்தது ஒரே ஒருத்தர். நன்கொடையா வந்துட்டு இருந்தது வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர். 'எக்ஸ்இசட்' கதை இன்னும் மோசம். ஃபைலைச் சுருக்கற குட்டி டூல் அது. அதைப் பார்த்துக்கிட்டிருந்தவர், மனசு களைச்சுப் போச்சு, இது சம்பளமில்லாத வேலைன்னு 2022-ல வெளிப்படையாவே சொன்னார். அதுக்கு முன்னாடியே உதவிக்கு வர்ற மாதிரி ஒரு ஆள் வந்திருந்தான். பொறுமையா நம்பிக்கை சம்பாதிச்சு, உள்ளே ரகசியக் கதவு வெச்சுட்டான். 2024 மார்ச்ல, லாக்-இன் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு சந்தேகப்பட்டு ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்ங்கிற இன்ஜினீயர் தோண்டினதாலதான் தப்பிச்சோம். தனியா நின்னு தேர் இழுக்கிறவனை வேடிக்கை பார்த்துட்டு இருந்தா, வடத்தைப் பிடிக்க யார் வேணும்னாலும் வருவான் பாஸ்!

நாலாவது ரூல்: வரி குடுக்காத வீட்டுக்கும் சோறு

இதுதான் ஓப்பன் சோர்ஸோட உயிர். இங்கிலீஷ்ல 'ஃப்ரீ'ன்னு ஒரே வார்த்தை இருக்கிறதாலதான் குழப்பமே. தமிழ்ல நமக்கு வசதி. 'இலவசம்' வேற, 'கட்டற்ற' வேற. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மேனே 1985-ல தன்னோட 'ஈமாக்ஸ்' எடிட்டரை டேப்ல பதிஞ்சு 150 டாலருக்கு வித்தவர். காசு வாங்கலாம், தப்பே இல்லை. வாங்கினவன் அதைப் படிக்க, மாத்த, பகிர உரிமை இருக்கணும். அவ்வளவுதான்.

அதனால, பணம் கொடுத்தாதான் 15-வது பாடம்னு பூட்டுப் போடுற ஐடியாவைக் குப்பையில போட்டேன். ஃபீஸ் கட்ட முடியாம ஆபீஸ் ரூம் வாசல்ல நிற்கிற ஜூனியருக்கும், அப்பா கார்ல வந்து இறங்குற ஜூனியருக்கும் ஒரே பாடம்தான்.

எங்கெல்லாம் கேட்கலாம்?

நம்ம லெவலுக்கு முதல் வழி யூபிஐ. ஒரு க்யூஆர் போதும். 10 ரூபாய் அனுப்பினாலும் 10 ரூபாய் முழுசா வரும். வெளிநாட்டுக்காரங்களும் யூஸ் பண்ற கோட்னா, 2019-ல வந்த 'கிட்ஹப் ஸ்பான்ஸர்ஸ்' மாதிரி வழிகள் இருக்கு. வர்றது வருமானம்தான், அதனால ஒரு நோட்ல எழுதி வெச்சுக்கங்க. 'வியூ' ஃப்ரேம்வொர்க்கை எழுதின எவான் யூ, 2016-ல வேலையை விட்டுட்டு இந்த மாதிரி மாசாமாசம் வர்ற சின்னச் சின்ன ஆதரவை நம்பித்தான் முழுநேரமா இறங்கினார். ஆனா, அவருக்கு அப்பவே உலகம் பூரா யூஸர்ஸ் இருந்தாங்க. ரெண்டு பாடம் எழுதிட்டு வேலையை விடற ஐடியா வேண்டாம் கண்ணா!

லீவுல முழு மூச்சா கோட் எழுதப் போறீங்கன்னா 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' இருக்கு. 2005-ல மாணவர்களுக்குன்னு ஆரம்பிச்சது. ஒரு மென்டர் கீழே ஒரு ப்ராஜெக்ட்ல வேலை பார்த்தா உதவித்தொகை. தொகை நாட்டுக்கு நாடு மாறும். 2022-ல இருந்து புதுசா வர்றவங்க மாணவரா இல்லைன்னாலும் விண்ணப்பிக்கலாம்.

நம்ம நாட்டுலயே ஜெரோதா கம்பெனி 2024 அக்டோபர்ல 'ஃப்ளாஸ் ஃபண்ட்'னு ஒண்ணை அறிவிச்சுது. வருஷத்துக்கு 10 லட்சம் டாலர். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு 10,000-ல இருந்து 1 லட்சம் டாலர் வரைக்கும். ஏற்கெனவே பல பேர் நம்பியிருக்கிற ப்ராஜெக்ட்டுகளுக்குத்தான் அது. எனக்கெல்லாம் எட்டாக்கனி. ஆனா, விண்ணப்பிக்கிறவங்க தங்களோட ப்ராஜெக்ட், தேவை, தொகை எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதிப் பொதுவுல வைக்கணும்னு ஒரு விதி வெச்சிருக்காங்க. படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. அப்பாவோட ரசீது புக்தான், வேற சட்டை போட்டிருக்கு!

என்ன ஆச்சு என் வரிக்கு?

பழைய வரியை அழிச்சுட்டுப் புதுசா எழுதினேன். 'பேட்டரி 4,200 ரூபாய். நாலு சனிக்கிழமை உழைப்பு 2,400 ரூபாய். இதுல 15 முதல் 18 வரை நாலு பாடம் வரும். கொடுக்காதவங்களும் படிக்கலாம். மாசக் கடைசியில கணக்கு இங்கேயே இருக்கும்.' 14-வது பாடத்தோட கடைசியில, அதாவது சாப்பிட்டு முடிச்சு வாசலுக்கு வர்ற இடத்துல வெச்சேன்.

வெச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. காலையில ஒருத்தர், 'படிக்கிற வயசுல காசு ஆசையா தம்பி?'ன்னு மெசேஜ் அனுப்பியிருந்தார். அழுகை வராத குறைதான். எடுத்துடலாம்னு கை போன நேரத்துல போன் ஒரு தடவை அதிர்ந்துச்சு. 11 ரூபாய்! அனுப்பினது அந்த ஃபார் லூப் ஜூனியர். குறிப்புல 'டீ, வடை இல்லாம'ன்னு எழுதியிருந்தான். அந்த 11 ரூபாய் கொடுத்த தெம்புலதான் அந்த வரி இன்னிக்கும் அங்கேயே இருக்கு.

மாசக் கடைசியில கணக்கு போட்டேன். 23 பேர், மொத்தம் 3,140 ரூபாய். கேட்டதுல பாதிகூட இல்லை. அதை அப்படியே எழுதி வெச்சேன். பேட்டரி இன்னும் வாங்கலை. சார்ஜர் குத்தியேதான் ஓடுது. ஆனா ரெண்டு சனிக்கிழமை கேட்டரிங் போகலை. 15, 16 ரெண்டு பாடமும் வந்துடுச்சு. பாக்கி ரெண்டுக்கு என்ன பண்ணுவேன்னு கேட்டா, அடுத்த மாசமும் ரசீது புக்கைத் தூக்குவேன். அப்பா ஒரே வீட்டுக்கு மூணு தடவை நடப்பார், நான் நடக்க மாட்டேனா?

இப்ப உங்க டர்ன். என் க்யூஆரை இங்கே போட மாட்டேன், எடிட்டர் அடிப்பார்! உங்க ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து 'என்பிஎம் ஃபண்ட்'னு ஒரு கமாண்ட் கொடுத்துப் பாருங்க. நீங்க யூஸ் பண்ற லைப்ரரிகள்ல யார் யார் ஆதரவு கேட்டு நிற்கறாங்கன்னு லிஸ்ட் வரும். அதுல ஒரே ஒரு பேரைத் தேர்ந்தெடுங்க. முடிஞ்சா ஒரு சினிமா டிக்கெட் காசு. முடியலையா? உருப்படியா ஒரு பக் ரிப்போர்ட், விளக்கக் குறிப்புல ஒரு திருத்தம், 'உங்க கோடாலதான் பாஸானேன்'னு ரெண்டு வரி. அதுவும் வரவுலதான் சேரும்.

அடுத்த தடவை கறுப்பு ஸ்க்ரீன்ல அப்படி ஒரு வரி வந்து லேபே சிரிச்சா, நீங்க மட்டும் சிரிக்காம அந்தப் பேரைக் குறிச்சுக்கங்க. அடுத்த வாரம் சந்திப்போம்... டாட்டா!